ஊருக்கு ஒரு பந்தயம்!

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இன்று "ஜிம்"கள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் இதைத் தேகப்பயிற்சி சாலை என்பார்கள். ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு கர்லாக்கட்டை, ஒரு வாத்தியார். அவ்வளவுதான்! இப்போது சுவர் முழுவதும் கண்ணாடி. விலை உயர்ந்த யந்திரங்கள்.

உள்ளூர் வாலிபர் ஒருவர் கடன் வாங்கி இப்படி ஒரு ஜிம்மைத் திறக்கிறார். ஜனவரியில் கூட்டம் வருகிறது. மாசி பிறந்தால் பாதிப் பேரைக் காணோம்! வாடகையும் மின்சாரக் கட்டணமும் மட்டும் தவறாமல் வருகின்றன.

வந்தவர்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள்? சோம்பல் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. எதற்காக என்று தெரியாமல் தினமும் இரும்பைத் தூக்கினால் யாருக்கும் அலுத்துப் போகும். பரீட்சையே இல்லாத பள்ளிக்கூடத்தில் பையன் படிப்பானா?

அந்தப் பரீட்சையைத்தான் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள்.

2017-ம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் ஒரு புதுப் பந்தயம் நடந்தது. அதன் பெயர் "ஹைராக்ஸ்". ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹாக்கி வீரர் மோரிட்ஸ் ஃபூர்ஸ்டே இதைத் தொடங்கியவர்களில் ஒருவர். முதல் பந்தயத்துக்கு வந்தவர்கள் சில நூறு பேர்தான். இன்று பல நாடுகளில் லட்சக்கணக்கானவர்கள் ஓடுகிறார்கள். 2025-ல் மும்பைக்கும் வந்துவிட்டது.

பந்தயம் இதுதான். ஒரு கிலோ மீட்டர் ஓட வேண்டும். பிறகு ஒரு பயிற்சி. மறுபடி ஒரு கிலோ மீட்டர். மறுபடி ஒரு பயிற்சி. இப்படி 8 தடவை! பாரம் ஏற்றிய சறுக்கு வண்டியை 50 மீட்டர் தள்ளுவது ஒன்று. மண் மூட்டையைத் தோளில் வைத்து, முழங்காலை மடக்கி மடக்கி 100 மீட்டர் போவது ஒன்று. கனமான பந்தை உயர எறிந்து 100 முறை பிடிப்பது ஒன்று. இரண்டு கையிலும் எடையைத் தூக்கிக்கொண்டு 200 மீட்டர் நடப்பது இன்னொன்று. தண்ணீர்க் குடம் சுமந்த நம் பெண்களுக்கு இது பெரிய வித்தையா?

தனியாக ஓடலாம். இருவர் சேர்ந்து ஓடலாம். நால்வர் பங்கு போட்டும் ஓடலாம். கணவனும் மனைவியும் ஒரு ஜோடியாக வரலாம்.

நம் ஊர் ஜிம்களுக்குப் பழக்கமானது ஆணழகன் போட்டி. அது நல்லதுதான். ஆனால் மேடையில் நிற்பவர்கள் பத்துப் பேர். மற்றவர்கள் கை தட்டுகிறவர்கள். ஓட்டப் பந்தயம் அப்படி அல்ல. கடைசியாக வந்தவரும் முடித்தவர்தான். நாற்பது வயது மளிகைக் கடைக்காரர், "போன வருஷத்தைவிட ஐந்து நிமிஷம் குறைத்துவிட்டேன்" என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். மூட்டையோடு தள்ளாடும்போது "விடாதே அண்ணே!" என்று கத்தினவனை அவர் மறப்பாரா? ஜிம்மில் முகம் பார்க்காமல் போய் வந்த இருவர் அன்றிலிருந்து சிநேகிதர்கள். சந்தா கட்டும் வாடிக்கைக்காரர்கள் ஒரு கூட்டமாக மாறுவது இப்படித்தான்.

பெரம்பலூரும் அரியலூரும் முன்பு ஒரே மாவட்டம். 2007-ல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம்தான். இந்தப் பக்கத்துக்கு விளையாட்டு புதிது அல்ல. இந்திய ஹாக்கி அணியில் ஆடிய கார்த்தி செல்வம் அரியலூர்ப் பிள்ளை. 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன் கோப்பையை வென்ற அணியில் அவரும் இருந்தார்.

இரண்டு ஊர் ஜிம்காரர்களும் சேர்ந்து ஒரு பந்தயம் வைத்தால் என்ன? "பக்கத்து ஜிம் போட்டியாயிற்றே" என்று யோசிக்க வேண்டாம். எதிர்க்கடை இருந்தால்தானே கடைத்தெரு?

ஹைராக்ஸ் என்ற பெயரைச் சும்மா எடுத்து ஒட்டக்கூடாது. அது உரிமை உள்ள பெயர்; ஜிம்கள் கட்டணம் கட்டிச் சேருகின்றன. ஓடுவதற்கும் மூட்டை தூக்குவதற்கும் யாரும் உரிமை கேட்க முடியாது! மணல் மூட்டை, பழைய லாரி டயர், தண்ணீர் கேன் போதும். 8 கிலோ மீட்டரும் வேண்டாம். முதல் வருஷம் 2 கிலோ மீட்டர் வைத்தால் போதும்.

ரோட்டில் மட்டும் வேண்டாம். அரியலூர் ரோட்டில் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகிற வேகம் ஊருக்கே தெரியும். பள்ளி மைதானம் நல்லது. டாக்டரும் ஆம்புலன்சும் நிற்க வேண்டும். இரத்த அழுத்தம், நெஞ்சு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. சீக்கிரம் பலம் வர ஊசி போடுகிறேன் என்று யாராவது வந்தால், அவனை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

சித்திரை வெயிலில் இதை வைக்கக்கூடாது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடலாம். ஜனவரியில் பணம் கட்டிச் சேருகிறவருக்கு அந்தத் தேதியை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.