ஒரே நாளில் திரும்பி வருகிறவர்கள்

"ஒரு நாள்ல போய்ட்டு வர்றதெல்லாம் ஒரு பயணமா?"

இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் நல்ல வாசகர்கள். சிலர் நல்ல எழுத்தாளர்களும்கூட. நம் பயணக் கட்டுரைகளிலும் இதே கேள்வி வேறு உடையில் வரும். கட்டுரையாளர் தீவுக் கரையில் தனியாக உட்கார்ந்திருப்பார். அலை வரும், மௌனம் வரும், ஆதிமனிதன் வருவான். அந்த நேரம் பார்த்து ஒரு படகு வந்து நிற்கும். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்ட கூட்டம் ஒன்று இறங்கும். பிள்ளைகள் கத்தும், யாரோ கைப்பேசியில் பாட்டைப் போடுவார், பெண்கள் சோற்றுப் பொட்டலம் பிரிப்பார்கள். கட்டுரையாளரின் மௌனம் கலைந்துவிடும். கட்டுரையில் அந்தக் கூட்டத்துக்கு அதற்கு மேல் வேலை இல்லை.

நான் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அதனால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கோத்தா திங்கியைத் தாண்டினால் நெடுக செம்பனைதான். யானை கடக்கும் இடம் என்று நடுநடுவே எச்சரிக்கைப் பலகைகள். இருட்டிலேயே கிளம்பணும். முதல் நாள் ராத்திரியே எலுமிச்சை சாதம், முட்டை சம்பல், ஒரு பானை பீஹூன் தயாராகிவிடும். ரெண்டு மூணு குடும்பம் சேர்ந்து ஒரு படகைப் பேசினால் தலைக்கு வருகிற காசு குறையும். தீவில் அறை எடுத்தால் ஒரு ராத்திரிக்கு ஆகிற காசில் இங்கே ஒரு குடும்பமே போய் வந்துவிடலாம். கணக்கு அவ்வளவு எளிமையானது. ஆனால் காசு மட்டும்தான் காரணம் என்று நினைத்தால் ஜொகூரைத் தெரியாது என்று அர்த்தம்.

இங்கே காசைவிடத் தட்டுப்பாடு நாளுக்குத்தான். 2014 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி ஆனது. 2025 ஜனவரி 1 அன்றுதான் மறுபடி சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. நடுவில் 11 வருடம். அப்பா பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் வேலை, அவருக்கு ஞாயிறுதான் லீவு. பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு வெள்ளி, சனி. அம்மா தொழிற்சாலையில் ஷிப்டு, லீவு எந்த நாளில் விழும் என்று மாதாமாதம் அட்டவணை பார்த்தால்தான் தெரியும். ஒரே வீட்டில் இருக்கிற நாலு பேர் ஒரே பகலில் விழித்துக்கொண்டு ஒன்றாக உட்கார எத்தனை நாள் கிடைத்திருக்கும்? 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு. முதல் இரண்டு வருடப் பணியில் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு 8 நாள். தீபாவளி, ஒரு சாவு, ஒரு கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல். எட்டும் போச்சு. நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளன். என் பிரிவில் தொடர்ந்து மூணு நாள் விடுப்பு கேட்டு வருகிறவரின் முகத்தைப் பார்த்தால், ஏதோ கடன் கேட்க வந்தவர் மாதிரி இருக்கும்.

இவர்களைப் பார்த்துத்தான் "நின்று நிதானமாகப் பயணம் செய்யுங்கள்" என்று எழுதுகிறோம்.

ஒரு நாளில் என்ன பார்த்துவிட முடியும் என்பது அடுத்த கேள்வி. மெர்சிங் படகுத்துறை ஆற்றுக்குள் இருக்கிறது. முகத்துவாரம் ஆழமில்லாதது. வற்று நேரத்தில் படகு தரைதட்டும் என்பதால், கடல் ஏறுகிற நேரத்தைப் பார்த்துத்தான் புறப்பாடும் திரும்புதலும். நவம்பர் தொடங்கினால் வடகிழக்குப் பருவக்காற்று, பிப்ரவரிவரை போக்குவரத்து அநேகமாகப் படுத்துவிடும். ஆக, ஒரு நாள் பயணி என்பவர் நிலவும் காற்றும் பார்த்து நாள் குறிக்கிறவர். கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது அவருக்குத் தெரிந்தே ஆகணும், இல்லாவிட்டால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. அஞ்சு நாள் தங்கி எழுதப்பட்ட எத்தனையோ கட்டுரைகளில் கடலுக்கு வற்றும் பெருக்கும் உண்டு என்ற தகவலே இல்லாததை நான் கவனித்திருக்கிறேன்.

என் அத்தை மின்னணுத் தொழிற்சாலையில் உருப்பெருக்கிக்குக் கீழே கம்பி ஒட்டியே கண் கெட்டவர். போன வருடம் எங்களோடு வந்தார். முட்டியளவு தண்ணியில் இறங்கி, கெண்டைக்காலைச் சுற்றி வந்த சின்ன மீன்களையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் அசையாமல் நின்றார். "அத்தே, தண்ணி இறங்கிடும், போலாம் அத்தே" என்று மூணு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. கிளம்பும்போது காலி மினரல் போத்தலில் கடல் தண்ணி பிடித்துக்கொண்டார். வீட்டைச் சுற்றித் தெளிக்க, திருஷ்டிக்கு. நம் கட்டுரையாளர் பார்த்திருந்தால் இந்தப் போத்தலுக்கு ஒரு கேலி வரி வைத்திருப்பார்.

சரி, சுற்றுச்சூழல். இதைச் சொல்லாமல் யாரும் விவாதத்தை முடிப்பதில்லை. மலிவுப் பயணிகள் வந்துதான் தீவு நாசமாகிறதாம். இதில் உண்மை இருக்கிறது. பவளப்பாறையில் ஏறி நின்றால் உடையும், உடைந்தது வளர வருடங்கள் ஆகும். குப்பை போடுகிறவர்களை நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது தியோமான், ரெடாங், பாயார் பகுதிகளில் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றை மாதக்கணக்கில் மூடினார்களே, அந்தச் சூடு எலுமிச்சை சாதப் பொட்டலத்திலிருந்து வந்ததா? சபாவின் சிப்பாடான் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகெங்குமிருந்து முக்குளிப்பவர்கள் தேடி வருகிற இடம். அதைக் காப்பாற்ற அரசு செய்தது என்ன? 2004 முடிவதற்குள் விடுதிகளைத் தீவிலிருந்து வெளியேற்றியது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று அனுமதிச் சீட்டு வைத்தது, ஆரம்பத்தில் 120. பகலில் போகலாம், இரவு தங்க முடியாது. சிப்பாடான் போவது மலிவு இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அங்கே போகிற கோடீஸ்வரனும் ஒரு நாள் பயணிதான். இரவு தங்குவது கழிவுநீர், குளிரூட்டி, மின்னாக்கி எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஒரு பொறியாளனாக இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. தங்குகிறவர் தூயவர், திரும்புகிறவர் அழுக்கு என்கிற கணக்குதான் புரியவில்லை.

இன்னொன்று. 1985 மீன்வளச் சட்டத்தின் கீழ் 1994இல் வந்த ஆணைப்படி ரவா, பெசார், சிபு, திங்கி உள்ளிட்ட ஜொகூர் தீவுகளைச் சுற்றி இரண்டு கடல் மைல் தூரம் கடற்பூங்கா. கடலை அரசு காக்கிறது, நல்லது. நிலம் மாநிலத்தின் கையில், அங்கே விடுதிகள். கரையிறங்கும் ஒரு நாள் பயணிக்கு இதன் நடைமுறை அர்த்தம் என்ன? ஒரு தீவில் மரத்தடியில் பாயை விரித்தபோது விடுதி ஊழியர் ஒருவர், பாவம் அவரும் சம்பளக்காரர்தான், பணிவாக வந்து அந்த நிழல் விருந்தினருக்கு என்றார். கழிவறையும் விருந்தினருக்குத்தான். கைக்குழந்தையோடு வந்த அக்கா வெயிலில் துண்டைப் பந்தலாகப் பிடித்துக்கொண்டு பாலூட்டினார். தீவுகளைப் பற்றி இத்தனை கட்டுரை எழுதியிருக்கிறோம். பொதுக் கழிவறை பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறோமா?

இதற்குப் பதிலாக நெய்தல் திணையைத்தான் இழுக்கிறோம். கடல் என்றாலே இரங்கல், பிரிவு, புன்னை. நெய்தலில் உமணரும் வருகிறார்கள் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். உப்புக்காக வண்டி கட்டிக் கரைக்கு வந்து, ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு போய்க்கொண்டே இருந்த கூட்டம். அவர்களிடம் யாரும் எத்தனை நாள் தங்கினாய் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

தீவில் நீண்ட நாள் தங்குவதுதான் ஆழமான அனுபவம் என்றால், இந்த நாட்டில் அந்த அனுபவம் நம் ஆட்களுக்கு ஏற்கெனவே நிறைய உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர்களை அம்மை, காலரா பயத்தில் முதலில் இறக்கியது தீவுகளில்தான். வடக்கே பினாங்கின் ஜெரெஜாக். தெற்கே சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ், 1874 முதல் நோய்த்தடுப்புத் தனிமைப்படுத்தல் நிலையம். அவர்கள் பார்த்த முதல் மலாயா அது. வேலிக்குள் நின்று, எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு, எப்போது அனுப்புவார்கள் என்று காத்திருந்தார்கள். அவசரமே இல்லாத பயணம். அவர்களில் எவரும் பயணக் கட்டுரை எழுதவில்லை. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சொந்தக் காசில், தாங்களே தேர்ந்த நாளில், தாங்களே பேசிய படகில் ஒரு தீவுக்குப் போய், சாயங்காலம் தங்கள் இஷ்டப்படி திரும்புகிறார்கள். இதில் இலக்கியத்துக்கு ஒன்றும் இல்லையா?

ஒரு நாளில் தீவு மக்களைத் தெரிந்துகொள்ள முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. சிபு தீவுக் கம்பத்துக்காரர்களைப் பற்றி எழுத யாராவது அங்கே ஒரு வருடம் தங்கினால் முதல் ஆளாக வாசிப்பேன். நான் கேட்பது வேறு. படகிலிருந்து இறங்குகிற அந்தக் கூட்டத்தையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அதில் யார் எத்தனை மணிக்கு எழுந்தார், யாருடைய ஷிப்டை யார் மாற்றிக் கொடுத்தார், அந்தப் போத்தல் தண்ணி எந்த வாசலில் தெளிக்கப்பட்டது என்று எழுதுங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் மார்ச்சில் எங்கள் பிளாட்டிலிருந்து ஒரு படகு பேசுகிறோம். மாதம் இவ்வளவு என்று இப்போதே காசு சேர்கிறது. மூணு குடும்பம் உறுதி, இன்னும் ரெண்டு இடம் இருக்கு. எழுத்தாளர்கள் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், காலை நாலரைக்குக் கீழே காடி நிற்கும். சாப்பாடு எங்கள் பொறுப்பு. குடை மட்டும் கொண்டு வந்துவிடுங்கள்.