புள்ளிக்குப் பின்னே எத்தனை இலக்கம்?

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் நிலம் பேசுவோர் இன்றும் ‘சென்ட்’ என்றே பேசுகின்றனர். கேரள அரசின் நிலவரி ரசீதோ ஹெக்டேர், ஆர், சதுர மீட்டர் என்று மூன்று கட்டங்களில் எழுதுகிறது. ஒரு சென்ட் 0.4047 ஆர். அதை 0.40 எனச் சுருக்கிப் பெருக்கினால் 25 சென்ட் நிலம் 10 ஆர் ஆகிறது. மெய்யாக அது 10.12 ஆர். கால் சென்டுக்கு மேல் காற்றிலே போயிற்று! வேலிக்கு ஒரு சாண் தள்ளினாலே வழக்காடும் ஊர்களில் இது சில்லறை விஷயமா, நண்பர்களே?

கணிப்பொறி பார்த்துக்கொள்ளும் என்போர் நம்மிடையே உண்டு. 4.50 ஆர் என்று கொடுங்கள். சாதாரண மிதவைப்புள்ளி எண்ணாக வாங்கும் பொறி அதை 4.5 என்றே வைத்துக்கொள்ளும். சதுர மீட்டர் வரை அளந்தார்களா, தோராயமாக அளந்தார்களா என்ற செய்தி அங்கேயே அழிந்தது. பிறகு, ‘இதில் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம்?’ என்று அதனையே கேட்பது வீண். 0.1 என்ற மிதவை எண்ணை ஜாவாவின் பிக்டெசிமலிடம் தந்து கேட்டால் 55 என்கிறது! பொறி அறிந்தது பாதியும் பாதியில் பாதியுமே. பத்தில் ஒன்று அதில் அடங்குவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், நம் அரை, கால், அரைக்கால், மாகாணி நான்கும் அதில் பிசகின்றி அடங்கும். ரூபாயில் மாகாணிதானே அணா! 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசாவுக்கு வழிவிட்ட அணாவைப் பொறி சரியாக எண்ணும். ரூபாயின் பின்னமாகப் பத்துப் பைசாவைத் தந்தால் தடுமாறும். திருவிதாங்கூர்ச் சக்கரம் தசமத்துக்கே அடங்காதது. பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு 28½ சக்கரம். ஒரு சக்கரத்தை ரூபாயின் தசமமாக எழுதப் புகுந்தால் முடிவே கிடையாது. ஆனால் சக்கரத்துக்கு 16 காசு, ரூபாய்க்கு 456 காசு. காசிலே கணக்கு வைத்தவனுக்குப் பின்னமே இல்லை.

அதுவே நமக்கும் வழி என்பது என் துணிபு. நிலத்தைச் சதுர மீட்டரில் முழு எண்ணாக வையுங்கள். தசமமாகத்தான் வேண்டுமெனில் எழுத்தாகவே வாங்கித் தசம வகையில் வையுங்கள், ‘4.50’ என்று எழுத்தாகத் தந்தால் அதே பிக்டெசிமல் இரண்டு இலக்கம் என்று ஒழுங்காகச் சொல்லும். இலக்கத்தை முடிவு செய்ய வேண்டியவர் அளந்தவர், பொறியன்று.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் நிலமுள்ள குடும்பத்துக்கு இரு அரசின் தாள்கள் உண்டு. அவற்றைக் கூட்டிப் பங்கு பிரிக்க நம்மில் ஒருவர் நிரல் எழுதினால், முதலில் பழைய பத்திரத்தின் சென்டை எழுதியபடியே பதியட்டும்; ஆராக மாற்றுவதைப் பங்கெல்லாம் பிரித்தபின், ஒரே ஒரு முறை செய்யட்டும்.