மூக்கு பொய் சொல்லாது!

பிரசவத்துக்காக ராசிபுரம் வந்திருந்த என் மகள், மூன்று வயதுப் பேத்தியையும் கூட அழைத்து வந்திருந்தாள். மாதாமாதம் சேலத்தில் டாக்டரிடம் காட்ட வேண்டும். எங்கள் பழைய 1996 மாடல் மாருதி 800-ல்தான் போய் வந்தோம்.

போகிற ஒவ்வொரு தடவையும் குழந்தை வாந்தி எடுத்தாள். ஆண்டகளூர் கேட் தாண்டினதும் முகம் வாடும். மல்லூர் வருவதற்குள் என் புடவை பாழ். "பித்தம்" என்றேன் நான். எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தேன், வெறும் வயிற்றோடும் கூட்டிப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

மகள்தான் ஒருநாள், "அம்மா, கார்ல பெட்ரோல் வாசம் குப்புன்னு அடிக்குது. எனக்கே தலை சுத்துது, குழந்தைக்கு எப்படி இருக்கும்?" என்றாள்.

எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். "பழைய வண்டின்னா கொஞ்சம் வாசம் வரத்தான் செய்யும். எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

அவருக்கு எப்படித் தெரியும்? நம் மூக்கின் குணம் அது. ஒரே வாசனையில் இருந்துகொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் அதை உணராமல் போய்விடும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் பளிச்சென்று தெரியும். ஆகவே சகோதரிகளே, விருந்தாளியோ குழந்தையோ "வாசம் வருது" என்றால் தட்டிக் கழிக்காதீர்கள்.

அடுத்த வாரம் அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தது, வாசனையும் இல்லை. "பார்த்தியா!" என்று ஜெயித்த முகத்தோடு வந்தார். அடுத்த மாதம் சேலம் கிளம்பினோம், மறுபடியும் அதே வாசனை!

அன்று பாதி வழியில் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டோம். மகளையும் குழந்தையையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டேன். மறுநாள் உள்ளூர் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தார் அவர். வயசான மனிதர். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, வாசம் எப்பெப்ப வருதுங்க?"

யோசித்தேன். சேலம் போகிற அன்று காலையில் பங்க்கில் டேங்கை நிரப்புவது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்குத்தான் வாசனை. நாலைந்து நாள் வண்டி ஓடி பெட்ரோல் இறங்கியதும் வாசனையும் போய்விடுகிறது. இதைச் சொன்னதும் எனக்கே பொறி தட்டியது. "அண்ணா, குடத்துக்குக் கழுத்துல விரிசல் இருந்தா, முக்கால் குடம் வரைக்கும் ஒழுகாதே?"

"அதேதானுங்க!" என்றார் அவர்.

எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, பாட்டரி வயரைக் கழற்றினார். டார்ச் விளக்கை எட்ட நின்று போட்டுக்கொண்டு அடியில் குனிந்தார். பின்பக்கம் புழுதி அப்பிக் கிடந்த இடத்தில், ஒரு கோடு மட்டும் கழுவி விட்டாற்போல் தெரிந்தது. பெட்ரோல் ஊற்றும் வாயையும் டேங்கையும் இணைக்கிற ரப்பர் ஹோஸ், வளைத்தபோது பித்தவெடிப்பு விட்ட பாதம் மாதிரி பிளந்து நின்றது. டேங்க் நிறைந்து, வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் அதன் வழியே கசிந்திருக்கிறது. மாருதி 800-ல் டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தடுப்புச் சுவர் கிடையாது. ஆவி நேரே குழந்தையிடம் வந்திருக்கிறது!

ரப்பர் ஏன் வெடித்தது? வயசு ஒன்று, நம் ஊர் வெயில் ஒன்று. மூன்றாவதாக எத்தனால். கரும்பு, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து எடுக்கும் இந்தச் சாராயத்தைப் பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கும் அளவை நம் நாடு 2025-ல் எட்டிவிட்டது. பழைய கார்களின் ரப்பர் இதை எதிர்பார்த்துச் செய்ததல்ல. அதனால் எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கச் சொன்னார். அந்த ஒன்றோடு விடாமல், டேங்கிலிருந்து எஞ்சின் வரையுள்ள எல்லா ஹோஸையும், துருப்பிடித்த கிளிப்புகளையும் மாற்றினார். செலவு ஒரு நல்ல சேலை விலைகூட ஆகவில்லை.

உங்கள் வண்டியில் வாசனை வந்தால் இப்படிக் கவனியுங்கள்:

டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வந்தால், டேங்கின் மேல்பக்கம், மூடி, கழுத்து ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது முன்பக்கம் வந்தால், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர், அவற்றின் ஹோஸ்கள். இது மிக ஆபத்து. சூடான எஞ்சின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் வந்தால், அடியில் அட்டை விரித்து வைத்து எந்த இடத்தில் கறை விழுகிறது என்று பாருங்கள்.

சமையல் காஸ் கசிந்தால் என்ன செய்வோம்? சுவிட்சைத் தொட மாட்டோம், தீக்குச்சி கிழிக்க மாட்டோம். இதற்கும் அதே விதிதான். பெட்ரோல் ஆவியும் காற்றைவிட கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். போர்ட்டிகோவில் ஒழுகும் காரின் பக்கத்தில் வாசல் விளக்கு ஏற்றாதீர்கள். ஓடும் வண்டியில் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முதலில் குழந்தைகளை இறக்கித் தூரமாக அழைத்துப் போங்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள். டேங்க் ஓட்டையில் சோப்பைத் தேய்த்து அடைப்பது லாரிக்காரர்கள் வழக்கம். அது ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும் வரைதான், வைத்தியம் ஆகாது. காலி டேங்க்தானே என்று நேரே வெல்டிங் வைக்க விடாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். குழாயில் வாய் வைத்து பெட்ரோல் உறிஞ்சவும் கூடாது. மீந்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே 108-க்குச் சொல்லுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பெட்ரோல் பட்ட துணியை அடுப்பங்கரைப் பக்கம் கொண்டு போகாமல் வெளியில் உலர்த்திவிட்டுத் துவையுங்கள். பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த ஆவியைச் சுவாசிக்காமல் இருப்பதே நல்லது.

போன மாதம் டேங்கை நிரப்பிக்கொண்டுதான் சேலம் போனோம். மல்லூர் வந்தது. பேத்தி ஜன்னல் வழியே லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். எலுமிச்சம்பழம் பையிலேயே இருந்தது. ராத்திரி அதை ரசத்துக்குப் பிழிந்தேன். எங்கள் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் காரில் ஏறியதும், "என்னம்மா, வாசம் ஏதாச்சும் வருதா?" என்று மகளைக் கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறார்.