பழைய படங்களின் குரல்

கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். தமிழ்ப் படம் வாய் திறந்து பேசியதும் அதே ஆண்டில்தான். அந்த முதற்படமான ‘காளிதாஸ்’ பிரதி ஒன்றுகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை. டி. பி. ராஜலட்சுமி அதில் எப்படிப் பேசி நடித்தார் என்பதை நாம் இனிக் காண வழியில்லை. ஒரு படம் அடியோடு மறைந்தால் ஊரே வருந்துகிறது. படம் இருந்து, அதன் குரல் மட்டும் மாறிப்போனால் யாரும் கவனிப்பதில்லை. அதைப் பற்றித்தான் நாங்கள் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

சென்ற போகிக்கு முதல் நாள், சேலையூரில் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுப் பரணிலிருந்து ஏழு வீடியோ கேசட்டுகள் இறங்கின. அவளுடைய தாத்தா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்தவை. குப்பையோடு போக இருந்தவற்றைப் பாட்டி தடுத்துவிட்டார். தெரிந்தவர் வீட்டு வி.சி.ஆரில் ஒரு பழைய படத்தைப் போட்டுப் பார்த்தோம். அதே படம் புதுப்பிக்கப்பட்ட வடிவில் எங்களுக்கு முன்பே பழக்கம். புதியதில் இடி இடித்தால் நாற்காலி அதிர்கிறது. கன்னத்தில் அறைந்தால் பட்டாசு வெடிக்கிறது. ஆனால் தாய் அழும் காட்சியில் பின்னால் ஒற்றை வீணை ஒலிப்பதைக் கேசட்டில்தான் முதன்முதலாகக் கேட்டோம். புதியதில் அது மழைச் சத்தத்துக்குள் அமுங்கிவிட்டிருந்தது. பாட்டி கண்ணை மூடிக்கொண்டு, “இதுதாண்டி நாங்க கொட்டகையில கேட்டது” என்றார்.

கேசட்டின் ஒலி உயர்ந்தது என்று நாங்கள் வாதாடவில்லை. அதன் ஓரத்தில் மெல்லிய கோடாகத்தான் ஒலி பதிவாகியிருக்கும். பாட்டுக் கேசட்டு விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும், வி.எச்.எஸ். நாடாவோ ஏறக்குறைய 2.34 செ.மீ.தான். இரைச்சலுக்குக் கேட்க வேண்டுமா! ஆயினும் அந்த இரைச்சலுக்குப் பின்னே இருப்பது, படம் எடுத்தவர்களே ஒப்புக்கொண்டு வெளியிட்ட ஒலி. அந்நாளில் வசனம், இசை, காலடி ஓசை எல்லாவற்றையும் ஒரே தடத்தில் கலந்து, படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதித்தார்கள். எது ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று ஒலிப்பதிவாளரும் இசையமைப்பாளரும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அந்த முடிவும் கலைதானே?

1964-இல் வந்த ‘கர்ணன்’ 2012-இலும், 1965-இன் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014-இலும் புதுப்பொலிவுடன் திரைக்கு வந்தன. ஒலியும் இக்காலத் திரையரங்குகளுக்கு ஏற்பப் பல தடங்களாக மாற்றப்பட்டது. அதனால்தான் எங்கள் தலைமுறை அவற்றைப் பெரிய திரையில் பார்க்க முடிந்தது; அதற்கு நன்றி உண்டு. புதிய ஒலியைச் செய்யட்டும், ஆனால் பழைய ஒற்றைத்தட ஒலியையும் கூடவே கொடுக்கட்டும். ஒரு டி.வி.டி.யில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

அமெரிக்காவில் 1977-இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு மூன்று விதமான ஒலிக்கலவைகள் இருந்தன. அவை மறைந்துவிடாதபடி பழைய நாடாக்களிலிருந்தும் லேசர் தட்டுகளிலிருந்தும் தேடி எடுத்துச் சேர்த்தவர்கள் ரசிகர்களே. நம்மவரும் சளைத்தவர்கள் அல்லர். இளையராஜாவின் பாடல்கள் இசைத்தட்டில் வந்தன. பின்னணி இசை பெரும்பாலும் வரவில்லை. அது படத்தின் ஒலித்தடத்தில் மட்டுமே வாழ்கிறது. ரசிகர்கள் வீடியோ கேசட்டுகளிலும் தட்டுகளிலும் இருந்து அதைக் காட்சி காட்சியாகப் பிரித்தெடுத்து வைத்திருக்கிறார்கள். வானொலியில் ஞாயிறுதோறும் ஒலிச்சித்திரம் கேட்டதையும், 1984-இல் ‘விதி’ படத்தின் வசனக் கேசட்டு தேநீர்க் கடைகளில் ஓயாமல் ஒலித்ததையும் எங்கள் பெற்றோர் சொல்வார்கள். படத்தைக் காதாலேயே பார்த்த மக்கள் நாம்!

இந்த வேலை எளிதன்று. திரையரங்கில் விநாடிக்கு 24 சட்டங்களாக ஓடும் படத்தை, நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்காக 25 ஆக்கிக் கேசட்டில் பதித்தார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியும் அரைச்சுரத்துக்குச் சற்றே குறைவாக ஏறிவிடும். எங்களுள் பாட்டுக் கற்கும் தோழி சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தாள். கேசட்டு கெட்டுவிட்டது என்றே அதுவரை நினைத்தோம். கணிப்பொறியில் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடுகிறது. அமெரிக்க முறைக் கேசட்டுகளில் இந்தக் குறை இல்லையாம். அதனால் அங்குள்ள உறவினரின் கேசட்டுகளுக்கு இப்போது தனி மதிப்பு!

இக்கட்டுரையைப் படித்த எங்கள் சிஸ்டர், “பிறர் உடைமையைப் படி எடுப்பது முறையா?” என்று கேட்டார். நேர்மையான கேள்வி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படம் வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் அதற்கு உரிமை உண்டு. ‘கர்ண’னுக்கு அது 2024-உடன் முடிந்தது, ‘விதி’க்கு இன்னும் முடியவில்லை. ஆகவே படி எடுத்து விற்பதும் ஊரெல்லாம் பரப்புவதும் தவறு என்றே நாங்களும் சொல்கிறோம். ஆனால் உரிமை உடையவர்கள் மூலச் சுருளைக் காக்காமல் விட்டால், உரிமைக்காலம் முடியும் நாளில் காப்பதற்கு என்ன மிஞ்சும்? 2003-இல் புனேயில் நேர்ந்த தீயில் பழைய நைட்ரேட் சுருள்கள் பல சாம்பலாயின. வி.சி.ஆர். செய்த கடைசி நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நம் சென்னைப் புழுக்கத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கச் சட்டம் எதுவும் தேவையில்லை.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆசையாகச் சேர்த்த புத்தகங்களே 1994-இல் அந்த நூலகமாயின. வீட்டில் பழந்தாள் சேர்ப்பவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்; ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு அந்தத் தாள்களைத் தேடித்தான் வருகிறார்கள். கேசட்டுச் சேர்ப்பவரையும் அப்படிப் பார்க்கலாமே. தனியார் ஆசையைப் பொது நிறுவனம் ஒன்று ஏற்று, உரிமையாளரின் இசைவோடு இந்த ஒலிகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

ஏழு கேசட்டுகளில் நான்கைக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டோம். இரண்டில் பூஞ்சை. ஏழாவது சினிமாவே அன்று. தோழியின் அத்தை கல்யாணம். நாதஸ்வரம் வெகு தெளிவாகக் கேட்கிறது.