அம்மாக்களின் நாவல்கள் நம் நூலகத்திற்கு வேண்டும்

தமிழ்ப் பள்ளி நூலகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரே வகையான அலமாரிதான். திருக்குறள் உரைகள் நான்கைந்து, பாரதியார் கவிதைகள், பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்கள், தெனாலிராமன் கதைகள், யாரோ ஒரு நல்லவர் நன்கொடையாக அளித்த இலக்கண நூல்கள். எடிசனிலும் ஃப்ரீமான்டிலும் பிளேனோவிலும் இந்த அலமாரி பெரிதும் மாறுவதில்லை. இந்நூல்களை வேண்டாமென்று சொல்ல நாம் யார்? ஆயினும், அவ்வலமாரியில் இடம்பெறாத ஒரு வகை உண்டு. லட்சுமியின் நாவல்கள், ரமணிச்சந்திரனின் நாவல்கள், ராணிமுத்து, மாலைமதி போன்ற மாத நாவல்கள் ஆகியவற்றையே குறிப்பிடுகிறோம். நம் இல்லங்களில் அவை இருக்கின்றன. ஊரிலிருந்து வரும் அம்மாவின் பெட்டியில் ஊறுகாய்ப் புட்டிக்கும் சேலைக்கும் நடுவே பத்திரமாக வந்து சேர்கின்றன. ஆனால் பள்ளிக்கு மட்டும் வருவதில்லை. "குடும்பக் கதைதானே", "பெண்கள் பொழுதுபோக்குக்குப் படிப்பதுதானே" என்று சொல்லி அவற்றை நாம் ஒதுக்கிவிட்டோம். அவ்வாறு ஒதுக்கியது நம் பிள்ளைகளின் தமிழுக்குப் பெரும் இழப்பு என்பது எங்கள் எண்ணம்.

நம் பிள்ளைகள் அறிந்த தமிழைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வீட்டில் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஏவல் வினை. "சாப்பிட வா", "வீட்டுப்பாடம் முடித்தாயா", "தொலைக்காட்சியை நிறுத்து". வார இறுதியில் பள்ளியில் கற்பது பாடநூல் தமிழ். இவ்விரண்டுக்கும் இடையே பரந்து கிடக்கும் ஒரு தமிழை அவர்கள் தொடுவதே இல்லை. ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் தமிழ், மனம் புண்பட்டதை வெளிக்காட்டாமல் பேசும் தமிழ், மன்னிப்புக் கேட்கும் தமிழ், கேட்ட மன்னிப்பை உடனே ஏற்க மனமில்லாத தமிழ். பதினான்கு வயதுப் பெண் தோழியோடு பிணங்கிக்கொண்டு வீடு திரும்பினால் அவள் அழுவதும் புலம்புவதும் ஆங்கிலத்தில்தான். 'ஊடல்' என்ற சொல்லைத் தேர்வுக்காகப் படித்திருப்பாள். "அவள் என்னோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள்" என்று தன் பாட்டியிடம் சொல்லத் தடுமாறுவாள். சில பள்ளி மாவட்டங்களில் தமிழுக்கு மொழிப்பாட மதிப்பு கிடைக்கிறது. அம்மதிப்பைப் பெற்றவுடன் தமிழ்ப் புத்தகத்தை மூடி வைக்கும் பிள்ளைகளை நாம் அனைவரும் அறிவோம். உணர்ச்சிக்கு உதவாத மொழியை எவர்தான் நெடுநாள் சுமப்பர்?

நாம் ஒதுக்கிய நாவல்களில் நிறைந்திருப்பது அந்த இடைத்தமிழ்தான். பக்கத்துக்குப் பக்கம் உரையாடல், எளிய வாக்கியம், அடுத்து என்ன ஆகுமோ என்ற ஆவல். பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திய பெண்களையும் விடாது படிக்க வைத்த நடை அது. நம் பிள்ளைகளின் தமிழறிவும் ஏறக்குறைய அந்த எல்லையில்தான் நிற்கிறது என்பதை நாம் வெட்கமின்றி ஒப்புக்கொள்ளலாம்.

இன்னொரு சிறப்பும் உண்டு. இந்நாவலாசிரியர்கள் வாசகரிடமிருந்து விலகி எட்டாத உயரத்தில் அமர்ந்தவர்கள் அல்லர். தம் வாழ்வையும் தம் அடுத்த கதையையும் வாசகரோடு பகிர்ந்துகொண்டே எழுதியவர்கள். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901-இல் பிறந்தவர். ஆறு வயது நிரம்புமுன்னரே மணம் செய்துவைக்கப்பட்டவர். பள்ளி சென்று பயிலாதவர். தொடக்கத்தில் அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார் என்பது இலக்கிய வரலாறு. அத்தகையவர் 1925-இல் 'ஜகன்மோகினி' என்னும் இதழை ஏற்று, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினார். தம் நாவல்களை அதில் தொடராக வெளியிட்டார். அவர் எழுதிய நாவல்கள் 115. நாட்டு விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறையும் சென்றார். நாவலாசிரியையே இதழாசிரியையாகவும் இருந்ததால், அவருக்கும் வாசகர்க்கும் நடுவே வேறு எவரும் இல்லை. மாதந்தோறும் அவர் கதையை எதிர்பார்த்திருந்த பெண்களுக்கு அவர் எழுத்தாளர் மட்டுமா? அடுத்த தெருவில் வாழும் அக்காள் போன்றவர்.

லட்சுமி என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரியின் வரலாறு நம் பிள்ளைகள், குறிப்பாக மருத்துவம் பயில விரும்பும் பிள்ளைகள், அவசியம் அறிய வேண்டியது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது குடும்பத்தில் பணமுடை. ஆனந்த விகடனில் கதை எழுதி, அவ்வருவாயைக் கொண்டு படிப்பைத் தொடர்ந்தார். தமிழ்க் கதை எழுதி மருத்துவரானவர்! பின்னர் 1955-இல் தென்னாப்பிரிக்கா சென்று, இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, 1977-இல் தாயகம் திரும்பி மீண்டும் முழுமூச்சாக எழுதினார். 'ஒரு காவிரியைப் போல' என்ற நாவலுக்காக 1984-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 1987-இல் மறைந்தார். தம் வாழ்வை அவரே 'கதாசிரியையின் கதை' என்று இரு பாகங்களாக எழுதி வைத்தார். அவர் நாவல்களில் மனம் தோய்ந்தவர்கள் அந்நூலையும் அதே ஆவலுடன் படித்தார்கள். கடல் கடந்து வந்து, தொழில் பார்த்து, பிள்ளை வளர்த்து, தமிழை மறவாதிருக்க முயலும் நமக்கு இவரைவிட நெருங்கிய உறவு யார்? ஆயினும் நம் பள்ளிகளில் இவர் பெயரைக் கேட்ட மாணவர் அரியர்.

பிற்கால மாத நாவல்களிலும் இவ்வுறவு தொடர்ந்தது. கதைக்கு முன் ஆசிரியரின் சில வரிகள், வாசகர் கடிதங்கள், அடுத்த மாதம் வரும் நாவலின் அறிவிப்பு. நம் அன்னையரில் பலர் கதையைத் தொடங்குமுன் அப்பக்கங்களைத்தான் புரட்டுவர். "இந்த முடிவு எங்களுக்குச் சம்மதமில்லை" என்று இன்லண்டு கடிதத்தில் எழுதி அனுப்பியவர்களும் உண்டு. வாழ்நாளில் வேறு எதற்கும் பேனாவைத் தொடாத பெண்கள், ஒரு கற்பனைக் கதாநாயகிக்கு நீதி கேட்பதற்காகத் தமிழில் எழுதினார்கள். நாமோ நம் மாணவரிடம் "என் பள்ளி", "நான் விரும்பும் பண்டிகை" என்று கட்டுரை கேட்கிறோம். யாருக்கு எழுதுகிறோம் என்றே தெரியாமல் அவர்களும் பத்து வரி எழுதித் தருகிறார்கள்.

காதல் எழுதியவர்களின் சொந்தச் செய்தியை அறிய விழைவது ஏதோ பத்திரிகைகள் கற்றுக்கொடுத்த பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். சங்க காலத்தில் வெள்ளிவீதியார் என்றொரு பெண்பாற் புலவர் இருந்தார். பிரிவுத் துயரைப் பாடியவர். கணவனைத் தேடிச் சென்ற ஆதிமந்தியை அவர் அகநானூற்றின் 45-ஆம் பாட்டில் நினைக்கிறார். அதே அகநானூற்றின் 147-ஆம் பாட்டில் ஔவையார், அந்த வெள்ளிவீதியைப் போலத் தாமும் புறப்பட்டுவிடலாமா என்று எண்ணும் ஒரு பெண்ணைப் பேச வைக்கிறார். ஒரு காதற் கவிஞரின் வாழ்க்கைச் செய்தி மற்றொரு கவிஞரின் பாட்டில் ஏறி, இன்று நம் கைக்கு வந்திருக்கிறது. அகப்பாடலில் தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. எழுதியவரின் செய்தியோ அந்த மரபையும் தாண்டிப் பரவிவிட்டது! குறுந்தொகையின் நானூற்றொரு பாட்டும் காதற்பாட்டே. ஐந்திணையை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் வழங்கும் நாம், அதே பொருளை உரைநடையில் எழுதிய பெண்களை மட்டும் வாசலில் நிறுத்துவது விந்தையே.

நாம் குடியேறிய இந்நாட்டையும் பார்ப்போம். இங்கும் காதல் நாவல் எழுதுவோர் நெடுங்காலம் ஏளனத்துக்கு ஆளானவர்களே. 1980-இல் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியோரில் முதன்மையானவர் விவியன் ஸ்டீஃபன்ஸ் என்னும் கறுப்பினப் பதிப்பாசிரியை. ஒருவர் எழுதும் புத்தகத்தை மற்றவர் அறிவதும், புதியவருக்குப் பழையவர் வழிகாட்டுவதும் அச்சங்கத்தின் பணி. ஒரு காலத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் உறுப்பினராயிருந்தனர். ஆனால் அதன் பெயர்பெற்ற ரீட்டா விருது 2019 வரை ஒரு கறுப்பின எழுத்தாளருக்கும் கிட்டவில்லை. அவ்வாண்டின் இறுதியில் இனப்பாகுபாடு பற்றி எழுந்த பூசலில் சங்கம் பிளவுபட்டது. உறுப்பினர் பெருமளவு விலகினர். 2024-இல் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. "எங்கள் காதலும் காதல்தான்" என்று கேட்டவர்களுக்கு உரிய காலத்தில் இடம் கொடாத ஒரு சபை எப்படித் தேய்கிறது என்பதற்கு இது நம் கண்முன் உள்ள சான்று.

அந்த 2019-இல் ரீட்டா விருது பெற்றவர்களில் நிஷா ஷர்மாவும் ஒருவர். அவருடைய இளையோர் நாவல் நியூ ஜெர்சியில் வாழும், திரைப்படப் பித்துக் கொண்ட ஓர் இந்தியப் பெண்ணைப் பற்றியது. அதற்கு ஈராண்டு முன்னர், 2017-இல் வந்த சந்தியா மேனனின் நாவலில், டிம்பிள் என்னும் பெண் கணினி நிரல் பயில சான் ஃபிரான்சிஸ்கோ செல்கிறாள். பெற்றோர் பார்த்து வைத்த பையனும் அங்கே வந்து நிற்கிறான்! நம் பெண்பிள்ளைகளில் பலர் இவற்றைப் படித்திருக்கிறார்கள். படிக்கட்டும், மகிழ்ச்சியே. தங்கள் தெரு, தங்கள் பள்ளி, தங்கள் அம்மாவின் கவலை ஆகியவற்றை அச்சில் காணும்போது அவர்கள் முகம் மலர்வதை நாமே கண்டிருக்கிறோம். ஆனால் அந்த மலர்ச்சி முழுவதும் ஆங்கிலத்தின் கணக்கில் சேர்கிறது. எடிசனில் வளரும் ஒரு தமிழ்ப் பெண்ணின் மனத்தைத் தமிழில் எழுதப் போகிறவர் யார்? நம் வகுப்பறைகளிலிருந்துதான் அவர் வர வேண்டும். கதை படித்துப் பழகாத கைக்குக் கதை எழுத வராது.

இனி, மறுப்புகள். வயதுக்கு வராத பிள்ளைகளுக்குக் காதல் கதையா என்று சில பெற்றோர் கேட்பர். ஏழு வயதுக் குழந்தையிடம் கொடுக்கச் சொல்லவில்லை. உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான், அதுவும் ஆசிரியரோ பெற்றோரோ முன்னரே படித்துப் பார்த்த பிறகு. அவர்கள் அன்றாடம் பார்க்கும் திரைப்படங்களோடு ஒப்பிட்டால், லட்சுமியின் கதை மாந்தர் துறவிகளே ஆவர்.

இரண்டாவது மறுப்பு வலிமையுடையது. இந்நாவல்கள் பலவற்றில் கதாநாயகன் செல்வந்தன், கோபக்காரன். கதாநாயகி ஏழை, பொறுமைசாலி, நிறத்தால் சிவந்தவள். அவன் அவமதிப்பான், அவள் பொறுப்பாள், இறுதியில் திருமணம் எல்லாவற்றையும் சரி செய்துவிடும். நம் பெண்களுக்கு இதையா கற்பிப்பது? இக்குற்றச்சாட்டை நாம் மறுக்கவில்லை. பல நாவல்களைப் பொறுத்தமட்டில் அது முழு உண்மை. ஆனால் பதினாறு வயது அமெரிக்கத் தமிழ்ப்பெண் அதைப் படித்துவிட்டு வாய்மூடி இருப்பாள் என்று எண்ணுவோர் அவளை அறியாதவர்கள். "இவள் ஏன் அவனை விட்டுப் போகவில்லை?" என்று கேட்பாள். தன் தாயையும் கேட்பாள். அந்த வாதம் தமிழில் நடக்கட்டும். கொன்றை வேந்தனைப் பற்றி எந்தப் பெண்ணும் தாயோடு ஒரு மணி நேரம் வாதிட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே நாம் வேண்டுவது பெரிய செலவல்ல. நூலகத்தில் ஒரு தட்டு. அதில் கோதைநாயகி அம்மாளும் லட்சுமியும் ரமணிச்சந்திரனும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும். மேல் வகுப்பில் மாதம் ஒரு வகுப்பு, தாயும் மகளும் அல்லது தந்தையும் மகனும் ஒரே கதையைப் படித்துவிட்டு வந்து பேசுவதற்கு. இன்று தமிழில் எழுதிவரும் நாவலாசிரியர் ஒருவருக்கு ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு ஒரு கடிதம், தம் கையெழுத்தில். பிழை இருந்தால் இருக்கட்டும். அவருக்குப் பழக்கமானதே; நம் பாட்டியரின் கடிதங்களிலும் பிழை இருந்தது.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து, அட்டை கட்டி பைண்டு செய்து வைத்திருந்த தலைமுறை நம் பெற்றோருடையது. அத்தகைய தொகுதிகள் சில இன்றும் நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றன. நூலகத்துக்குத் தர முன்வருவோர், தூய்மை செய்கிறோம் என்று கருதி, கதைக்கு இடையிடையே உள்ள தைல விளம்பரங்களையும், வாசகர் கடிதப் பக்கங்களையும், "அடுத்த வாரம்" என்ற அறிவிப்புகளையும் கிழித்துவிடாமல், இருக்கிறபடியே கொண்டுவந்து தாருங்கள்.