குளிர் சும்மா வருவதில்லை!

ஹைப்ரிட் காரில் ஏ.சி. போட்டால் செலவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். "அது பாட்டரியில்தானே ஓடுகிறது! பெட்ரோல் எங்கே போகிறது?" என்று கேட்கிறார்கள்.

வேறு சிலர் இதற்கு நேர்மாறு. மைலேஜ் குறைந்துவிடும் என்று பயந்து, கத்திரி வெயிலிலும் ஏ.சி.யைத் தொடமாட்டார்கள். வீட்டில் உள்ளவர்கள் வியர்த்துக் கொட்டினாலும் மனம் இரங்கமாட்டார்கள்.

இரண்டும் தவறு. ஏ.சி. வேண்டும். அதன் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். கணக்குத் தெரியாவிட்டால் பணம் போகும். சில சமயம் உயிரும் போகும்.

ஹைப்ரிட் என்றால் என்ன?

"ஹைப்ரிட்" என்ற சொல் குமராட்சி வட்டார விவசாயிகளுக்குப் புதிதல்ல. விதைக் கடையில் கேட்ட சொல்தான். இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்குவது ஹைப்ரிட் விதை. பெட்ரோல் என்ஜினையும் மின்சார மோட்டாரையும் சேர்த்துச் செய்வது ஹைப்ரிட் கார்.

ஜப்பானில் டொயோட்டா கம்பெனி 1997-ம் ஆண்டு டிசம்பர் மாதம் "பிரியஸ்" என்ற ஹைப்ரிட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2022-ம் ஆண்டு ஹோண்டா சிட்டி, மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகிய கார்கள் ஹைப்ரிட் வகையில் வந்தன.

இந்தக் கார்களை வீட்டு மின்சாரத்தில் செருகி சார்ஜ் செய்வதில்லை. ஓடும்போதே பாட்டரி நிரம்புகிறது. இதனால்தான் "ஏ.சி. இலவசம்" என்ற எண்ணம் பிறக்கிறது.

பத்தாயத்தில் நெல் விளையுமா?

நெல் வயலில் விளைகிறது. பத்தாயத்தில் சேர்த்து வைக்கிறோம். பத்தாயத்திலிருந்து எடுத்துச் சமைக்கிறோம் என்பதற்காக, பத்தாயத்திலேயே நெல் விளைகிறது என்று யாராவது சொல்வார்களா?

ஹைப்ரிட் காரின் பாட்டரி ஒரு பத்தாயம். அதை நிரப்பும் வயல், பெட்ரோல் டாங்கி.

பிரேக் போடும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியையும் மோட்டார் மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேர்க்கிறது. இது அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவது போன்றது. நல்ல சிக்கனம்தான். ஆனால் அந்தக் கதிரும் அதே வயலில் விளைந்ததுதான்!

பத்தாயமும் பெரிதல்ல. கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் காரின் பாட்டரி முழுவதும் நிரம்பினாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கும் குறைவாகவே கொள்ளும். நின்ற காரில் ஏ.சி. ஓடினால் அது விரைவில் குறையும். உடனே என்ஜின் தானாகவே கிளம்பி மீண்டும் நிரப்பும்.

ஒரு லிட்டரின் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் அளவு சக்தி இருக்கிறது. ஹைப்ரிட் காரில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3 யூனிட், மின்சாரமாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மீதி வெப்பமாகப் போய்விடும்.

கார் ஏ.சி. நிதானமாக ஓடும்போது மணிக்கு ஒரு யூனிட் கேட்கிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு மணி நேரக் குளிருக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர் பெட்ரோல் செலவு. வெயிலில் நின்று கொதித்த காரைக் குளிர்விக்கும்போது இதைவிட இரண்டு, மூன்று மடங்கு வேகத்தில் சக்தி செலவாகும்.

குமராட்சியிலிருந்து சிதம்பரம் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 15 கிலோமீட்டர் ஓட்டம், அரை மணி நேரம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால், ஓடுவதற்கு 600 மில்லி பெட்ரோல் வேண்டும். ஏ.சி.க்கு மேலும் 170 மில்லி. ஒரு டம்ளர் பெட்ரோல் என்று சொல்லலாம்.

ஓட்டத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு. ஏ.சி.க்கு மணிக்கணக்கு. இதை மறக்கக் கூடாது.

சிதம்பரத்தில் தேர்த் திருவிழா. கூட்டம் நெருக்குகிறது. கார் அரை மணி நேரம் நகரவில்லை. ஓடுவதற்கு ஒரு சொட்டும் செலவில்லை. ஆனால் ஏ.சி.க்கு இன்னொரு டம்ளர் போயிருக்கும்!

கடற்கரைப் பக்கத்து ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். ஏ.சி. காற்றைக் குளிர வைப்பதோடு, அந்த ஈரத்தையும் பிழிந்து எடுக்க வேண்டும். காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான். அதற்கும் சக்தி வேண்டும்.

அப்படியானால் ஹைப்ரிட் நஷ்டமா?

இல்லை. சாதாரணக் காரில் ஏ.சி.யின் கம்ப்ரெஸரை என்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்திருக்கிறார்கள். நின்ற இடத்தில் குளிர் வேண்டுமானாலும் என்ஜின் உறுமிக்கொண்டே இருக்க வேண்டும். முழு ஹைப்ரிட் காரில் கம்ப்ரெஸர் மின்சாரத்தில் ஓடுகிறது. என்ஜின் தேவைப்படும்போது மட்டும் கிளம்பி, வேலை முடிந்ததும் ஓய்வெடுக்கிறது.

ஏ.சி.யால் ஹைப்ரிட் காரின் மைலேஜ் சதவீதக் கணக்கில் அதிகமாகக் குறையக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அதைக் கண்டு மிரள வேண்டாம். மாதம் 10,000 ரூபாய் செலவாகும் வீட்டில் 1,000 ரூபாய் கூடினால் பத்தில் ஒரு பங்கு. 5,000 ரூபாயில் குடும்பம் நடத்தும் வீட்டில் அதே 1,000 ரூபாய் கூடினால் ஐந்தில் ஒரு பங்கு. சிக்கனமான வீட்டில் சிறு செலவும் பெரிதாகத் தெரியும். சிக்கனமான காரிலும் அப்படித்தான்.

எப்படிப் போடலாம்?

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏ.சி. போடக் கூடாது. கதவுகளைத் திறந்து சூடான காற்றை வெளியே விட வேண்டும். முடிந்தால் மர நிழலில் நிறுத்துவது நல்லது.

காருக்குள் ஓரளவு குளிர்ந்ததும், உள்காற்றே சுற்றும்படி பொத்தானை அமுக்கலாம். குளிர்ந்த காற்றையே மீண்டும் குளிர்விப்பது எளிது.

வீட்டு ஏ.சி.க்கு 24 டிகிரியை இயல்பான அளவாக வைக்கும் விதி 2020-ம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. காரிலும் அந்த அளவு போதும். உள்ளே போர்வை தேடும் குளிர் எதற்கு?

பல ஹைப்ரிட் கார்களில் பாட்டரியைக் குளிர்விக்க, பின் சீட்டுப் பக்கம் காற்றுத் துவாரம் இருக்கிறது. துணி மூட்டையோ பையோ வைத்து அதை அடைக்கக் கூடாது. சூடு பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

உயிருக்கு எச்சரிக்கை

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு.

ஹைப்ரிட் காரை நிறுத்தி ஏ.சி. போட்டால் சத்தம் கேட்காது. "என்ஜின் ஓடவில்லை" என்று நினைத்துத் தூங்கிவிடுவார்கள். பாட்டரி குறைந்ததும் என்ஜின் தானாகவே கிளம்பும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய ஷெட்டில் அது தேங்கினால், தூங்கியவர் எழுந்திருக்கமாட்டார்.

ஆகையால் மூடிய இடத்தில் ஏ.சி. போட்டு உட்காரவே கூடாது. எங்கு நிறுத்தினாலும் ஏ.சி. காரில் தூங்கக் கூடாது. "குளிராகத்தானே இருக்கிறது" என்று குழந்தையைத் தனியே விட்டுக் கடைக்குப் போகவும் கூடாது.

அளந்து போடுக!

நம் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஒவ்வொரு டம்ளர் பெட்ரோலும் நாட்டின் பணம்.

அதற்காகப் பிள்ளைத்தாச்சிப் பெண்ணையும், நோயாளியையும், வயதான தாயாரையும் வெயிலில் வாட விடுவது சிக்கனம் ஆகாது. அது கஞ்சத்தனம். அவர்களுக்காக ஓடும் ஏ.சி.யில் செலவாகும் பெட்ரோல் வீண் அல்ல. ஆள் இல்லாத காரில் ஓடும் ஏ.சி.தான் வீண்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. காற்றில் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும்!