மனையை விற்காத நகரம்

வியன்னாவின் பழைய குடியிருப்புக் கட்டடங்கள் பலவற்றின் முகப்பில் சிவப்பு எழுத்துகளில் ஒரு வாசகம் இருக்கும். வீட்டுவசதி வரிப் பணத்தில் வியன்னா மாநகராட்சி இன்ன ஆண்டில் கட்டியது என்பது அதன் சாரம். யார் பணத்தில் கட்டினோம் என்பதைச் சுவரிலேயே பொறித்துவிட்டார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியும் அந்தக் கட்டடங்கள் மாநகராட்சியின் கையில்தான் இருக்கின்றன. சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள்தான் அங்கே குடியிருக்கின்றன.

முதல் உலகப் போர் முடிந்தபோது வீட்டு நெருக்கடியில் தவித்த ஊர் அது. ஒரே அறையில் குடும்பமே முடங்கிக் கிடக்க, அதிலும் ஒரு கட்டிலைச் சில மணி நேரத்துக்கு வெளியாளுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தார்கள். 1919 தேர்தலில் நகரத்தைக் கைப்பற்றிய சமூக ஜனநாயகக் கட்சி, 1923-ல் வீட்டுவசதி வரியை விதித்தது. நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ பிரைட்னர் அந்த வரியை வகுத்த விதம் அசாத்தியமானது. தொழிலாளியின் சிறு வீட்டுக்குப் பெயரளவு வரி, மாளிகைக்குப் பல மடங்கு. மிக விலையுயர்ந்த அரை சதவீதச் சொத்துகளே மொத்த வரியில் ஏறத்தாழ 45 சதவீதத்தைச் செலுத்தின.

மாநகராட்சியால் கட்ட முடிந்ததற்கு இன்னொரு காரணம் பலர் கண்ணில் படாதது. போர்க்காலத்தில் கொண்டுவந்த வாடகைக் கட்டுப்பாடு போருக்குப் பின்னும் தொடர்ந்தது. பணவீக்கம் அந்த வாடகையைக் கரைத்துவிட்டது. வாடகை வராத ஊரில் மனை வாங்கிப் போட யார் வருவார்கள்? நில விலை விழுந்தது. மாநகராட்சி மளமளவென்று வாங்கிச் சேர்த்தது. 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவற்றில் புகழ்பெற்றது 1930-ல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த வளாகத்தில் 1,382 வீடுகள், சலவைக்கூடம், குளியல் கூடம், மழலையர் பள்ளி, நூலகம் எல்லாம் இருந்தன. மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம். மிச்சமெல்லாம் புல்வெளியும் மரமும். கட்டுமானச் செலவை வரி ஏற்றுக்கொண்டதால் பராமரிப்புக்கு ஆகும் அளவே வாடகை வாங்கினார்கள்.

இன்று அந்த மாநகராட்சியிடம் சுமார் 2,20,000 வீடுகள் உள்ளன. லாபத்துக்கு உச்சவரம்பு உள்ள வீட்டுவசதிச் சங்கங்களின் வீடுகளையும் சேர்த்தால், நகரத்து மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் சந்தை விலைக்கு வெளியே குடியிருக்கிறார்கள்.

வீட்டு விலையை ஏற்றுவது பெரும்பாலும் செங்கல்லும் சிமென்ட்டும் அல்ல, மனை. ஊர் வளரும் திசையில் வயலை வாங்கிப் போட்டு, அது குடியிருப்புப் பகுதியாக வகைமாற்றம் ஆகும்வரை காத்திருப்பது மனை வணிகத்தின் பழைய வழி. சாலை போட்டதும் ரயில் விட்டதும் ஊர்ப்பணம். விலையேற்றம் மட்டும் தனியாள் பையில். வியன்னா இந்த இடத்தில்தான் கைவைத்தது. 1984-ல் நிலம் வாங்கி வைப்பதற்கென்றே ஒரு நிதியத்தைத் தொடங்கியது. 2019-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. புதிதாகக் குடியிருப்புக்கு வகைமாற்றம் செய்யும் பெரிய நிலங்களில், கட்டும் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்க வேண்டும். அந்தப் பங்குக்கான நிலவிலை, கட்டும் பரப்பில் சதுர மீட்டருக்கு 188 யூரோவைத் தாண்டக்கூடாது என்று அப்போது விதித்தது. வகைமாற்றத்தால் வரும் திடீர் லாபம் இதனால் பெருமளவு அடைபட்டுப் போகிறது.

அதே நாட்டின் மத்திய அரசு நேர்மாறாக நடந்தது. தன்னிடமிருந்த ஏறத்தாழ 60,000 வீடுகளை 2004-ல் சுமார் 96 கோடி யூரோவுக்கு விற்றது. வீடு ஒன்றுக்கு 16,000 யூரோ! பதினான்கு ஆண்டுகளில் அந்த வீடுகளை வைத்திருந்த நிறுவனம் வோனோவியா என்ற ஜெர்மன் நிறுவனத்திடம் போனபோது பேசப்பட்ட மதிப்பு சுமார் 520 கோடி யூரோ. விற்பனையில் நடந்த ஊழலுக்காக முன்னாள் நிதியமைச்சருக்கு 2020-ல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

பெர்லின் பட்டபாடு இதைவிட வேதனையானது. கடனில் மூழ்கியிருந்த நகர அரசு, 2004-ல் தன் வீட்டுவசதி நிறுவனம் ஒன்றை 65,000 வீடுகளோடு முதலீட்டு நிதியங்களுக்கு விற்றது. கிடைத்தது சுமார் 40 கோடி யூரோ. வாங்கியவர்கள் நிறுவனத்தின் கடனையும் ஏற்றுக்கொண்டார்கள். வாடகை ஏறியது, மக்கள் கொதித்தார்கள். 2020-ல் வாடகைக்கு உச்சவரம்பு விதித்தது நகரம். அப்படி விதிக்கும் அதிகாரம் நகர மாநிலமான பெர்லினுக்கு இல்லை என்று மறு ஆண்டே அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. அதே 2021-ல், பெருநிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமை ஆக்கலாமா என்ற பொதுவாக்கெடுப்பில் சுமார் 59 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். அந்த வாக்கெடுப்பின் முடிவு நகர அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால் இழுபறி தொடங்கியது. இதற்கிடையே 14,000-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சுமார் 246 கோடி யூரோ கொடுத்து நகரமே திரும்ப வாங்கியது. விற்ற விலையையும் வாங்கிய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது.

வாடகைக்கு விடாமல் சொந்தமாகவே கொடுக்கும் நகரம் என்ன செய்யும்? சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்கள் உள்படப் பெரும்பாலானோர் குடியிருப்பது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில்தான். 1966-ல் வந்த நில எடுப்புச் சட்டம் அரசுக்குக் குறைந்த விலையில் நிலம் சேர்த்துக் கொடுத்தது. வீடு 99 ஆண்டுக் குத்தகையில்தான் கிடைக்கும். வாங்கியவர் குறைந்தது ஐந்து ஆண்டு குடியிருந்த பிறகே விற்கலாம். அப்படியும் சில மறுவிற்பனை வீடுகள் பத்து லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டின. அதனால் நல்ல இடங்களில் கட்டும் புது வீடுகளுக்கு அந்தக் காலக்கெடுவைப் பத்து ஆண்டாக்கி, விற்கும்போது மானியத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் விதியைச் சேர்த்தார்கள்.

வியன்னாவிலும் குறை உண்டு. மாநகராட்சி வீட்டுக்கு மனுப் போட, நகரத்தில் இரண்டு ஆண்டுகள் பதிவு செய்து வசித்திருக்க வேண்டும். புதிதாகப் பிழைக்க வந்தவர் அதுவரை தனியார் வீட்டில், காலக்கெடு வைத்த ஒப்பந்தத்தில், கூடுதல் வாடகை கொடுத்துக் காத்திருக்கிறார். பல ஆண்டுகள் நேரடியாகக் கட்டுவதை நிறுத்திவைத்த மாநகராட்சி, 2019-ல்தான் மீண்டும் தன் பெயரில் ஒரு குடியிருப்பைத் திறந்தது. அந்த இடைவெளிக்கு விலை கொடுப்பவர்கள் இந்தப் புதியவர்கள்.

பெர்லினிடம் இன்று இல்லாத ஒன்று வியன்னாவிடம் இருக்கிறது: பேரம் பேசும் பலம். அந்தப் பலத்தை விரும்பும் நகரங்கள், ரயில் தடத்தை அறிவிக்கும் முன்பே அதையொட்டிய நிலத்தை வாங்கிவிட வேண்டும். கையிலிருக்கும் பொது நிலத்தை விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு, வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். இரண்டையும் விலை ஏறுவதற்கு முன்பு செய்தால்தான் செலவு கட்டுப்படியாகும்.